தூக்கும் இல்லை, விடுதலையும் இல்லை... சூப்பர்மேன் உலகின் 'ஃபேன்டம் ஸோன்' சிறை என்றால் என்ன? முழு விளக்கம்

சுவர் கிடையாது. கம்பி கிடையாது. வார்டன் கிடையாது. பசிக்காது, வயசாகாது, சாவும் வராது. ஆனால் உள்ளே போனவர் தானாக வெளியே வரவே முடியாது.

இப்படி ஒரு சிறை இருந்தால் எப்படி இருக்கும்? சூப்பர்மேன் கதைகளில் 60 வருடங்களுக்கும் மேலாக அப்படி ஒரு சிறை இருக்கிறது. அதன் பெயர் 'ஃபேன்டம் ஸோன்'. தமிழில் சொன்னால் 'ஆவி மண்டலம்'. சூப்பர்மேன் படம் பார்த்தவர்களுக்கு, கண்ணாடிச் சதுரத்துக்குள் மூன்று பேர் ஒட்டிக்கொண்டு விண்வெளியில் சுழன்றபடியே போகும் காட்சி ஞாபகம் இருக்கலாம். அதுதான் இது.

தூக்குத் தண்டனைக்குப் பதிலாக, 'இரக்கமான தண்டனை' என்று சொல்லித்தான் கதையில் இந்தச் சிறை அறிமுகமாகிறது. அது உண்மையிலேயே இரக்கமான தண்டனைதானா? பார்க்கலாம்.

ஃபேன்டம் ஸோன் என்பது என்ன?

சூப்பர்மேன் பிறந்தது பூமியில் அல்ல, கிரிப்டான் என்ற கிரகத்தில். அவருடைய அப்பா ஜோர்-எல் ஒரு விஞ்ஞானி. நாம் வாழும் உலகத்துக்கு இணையாக இன்னொரு பரிமாணம் இருப்பதை அவர் கண்டுபிடிக்கிறார். அதற்குள் ஆட்களை அனுப்ப 'புரொஜெக்டர்' என்ற கருவியும் தயாராகிறது. அதன் கதிர் ஒருவர் மேல் பட்டால் போதும், அவர் உடல் மறைந்து நிழல் மாதிரி ஆகிவிடுவார். அதன் பிறகு அவர் இருக்கும் இடம்தான் ஃபேன்டம் ஸோன்.

கொலை, சதி, ராணுவப் புரட்சி போன்ற பெரிய குற்றங்களைச் செய்தவர்களை கிரிப்டான் அரசு இங்கேதான் அனுப்பியது. சுருக்கமாகச் சொன்னால் நாடு கடத்தல் மாதிரிதான். ஆனால் இதில் கடத்துவது இன்னொரு ஊருக்கு அல்ல, இன்னொரு பரிமாணத்துக்கு.

எப்போது வந்தது? யார் எழுதியது?

1961 ஏப்ரல் தேதியிட்ட 'அட்வென்ச்சர் காமிக்ஸ்' 283-வது இதழில்தான் ஃபேன்டம் ஸோன் முதல்முறையாக வந்தது. எழுதியவர் ராபர்ட் பெர்ன்ஸ்டீன், வரைந்தவர் ஜார்ஜ் பாப். வெளியிட்டது டிசி நிறுவனம்.

அந்தக் கதையில் சூப்பர்மேன் இன்னும் பள்ளிப் பையன், அதாவது 'சூப்பர்பாய்'. கிரிப்டானில் இருந்து வந்து விழுந்த ஒரு பெட்டியைத் திறந்து பார்க்கிறான். உள்ளே இருந்த புரொஜெக்டரில் தெரியாமல் அவனே மாட்டிக்கொண்டு ஸோனுக்குள் போய்விடுகிறான். ஒருவழியாகத்தான் தப்பித்து வருகிறான்.

இதை கவனிக்க வேண்டும். இந்தச் சிறைக்குள் நம் கண் முன்னால் போய் விழும் முதல் ஆளே எந்தத் தப்பும் செய்யாத ஒரு பையன். பின்னாடி வரப்போகும் கதைகளுக்கு இது ஒரு முன்னோட்டம் மாதிரி.

பிரபல வில்லன் ஜெனரல் ஸாட் அறிமுகமானதும் இதே கதையில்தான்.

அதற்கு முன்பு கிரிப்டானில் என்ன தண்டனை?

புரொஜெக்டர் வருவதற்கு முன்பும் கிரிப்டானில் தண்டனை இருந்தது. குற்றவாளியை மயக்க நிலையில் ஆழ்த்தி, ஒரு ராக்கெட்டுக்குள் படுக்கவைத்து, கிரகத்தைச் சுற்றிவர விட்டுவிடுவார்கள். நெற்றியில் படிகங்களைப் பொருத்துவார்கள். அவை கொஞ்சம் கொஞ்சமாக மூளையில் இருக்கும் குற்ற எண்ணத்தைத் துடைத்து எடுத்துவிடுமாம். இதற்குப் பல பத்து ஆண்டுகள் ஆகும்.

ஒருவருடைய மூளையை அரசாங்கமே கழுவி எடுப்பதைவிட, உடம்பிலும் மனசிலும் கைவைக்காமல் தனியாக ஒதுக்கி வைப்பது மேல். ஃபேன்டம் ஸோனுக்கு ஆதரவாகக் கதையில் வரும் வாதம் இதுதான். கேட்க நியாயமாகத்தான் தெரியும்.

உள்ளே வாழ்க்கை எப்படி இருக்கும்?

பழைய காமிக்ஸ்களில் வரும் விதிகள் இவை:

* உடல் இருக்காது, உருவம் மட்டும்தான். எதையும் தொட முடியாது.
* சாப்பாடு, தண்ணீர், தூக்கம் எதுவும் தேவையில்லை.
* வயது ஏறாது. 30 வயதில் போனவர் எத்தனை வருடம் கழித்து வந்தாலும் அதே 30 வயதுதான்.
* உள்ளே இருக்கும் கைதிகள் மனசால் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளலாம்.
* வெளியுலகில் நடப்பதைப் பார்க்கலாம். ஆனால் அதில் தலையிட முடியாது.

கடைசி விதிதான் கொடுமையானது. வெளியே இருக்கும் மனைவி, பிள்ளைகள், ஊர் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். ஒரு வார்த்தை பேச முடியாது. பிள்ளை வளர்ந்து கிழவனாகி இறந்துபோவதை அதே வயதில் நின்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

வலி இல்லைதான். ஆனால் வலி இல்லாததால் தண்டனை லேசாகிவிடுமா என்பது வேறு கேள்வி.

யார் யார் உள்ளே இருக்கிறார்கள்?

ஜெனரல் ஸாட்: கிரிப்டானின் ராணுவத் தளபதி. தன்னைப் போலவே நகல் படை ஒன்றை உருவாக்கி ஆட்சியைப் பிடிக்கப் பார்த்தவர். காமிக்ஸில் இவருக்கு 40 வருடத் தண்டனை.

ஜாக்ஸ்-உர்: விஞ்ஞானி. இவர் நடத்திய அணு ஏவுகணைச் சோதனையில் கிரிப்டானின் நிலவுகளில் ஒன்றான வெக்தார் சிதறிப்போகிறது. அங்கே குடியிருந்த 500 பேரும் சாகிறார்கள். இவருக்குக் கிடைத்தது காலவரையற்ற தண்டனை.

ஜாக்ஸ்-உர் கதையில் ஒரு கசப்பான திருப்பமும் உண்டு. அந்த விபத்துக்குப் பிறகு கிரிப்டான் அரசு விண்வெளிப் பயணத்துக்கே தடை போட்டுவிடுகிறது. பின்னாடி கிரகம் வெடிக்கும்போது மக்கள் தப்பிக்கக் கப்பலே இல்லை. ஜோர்-எல் தயாரித்த சின்ன ராக்கெட்டில் அவருடைய கைக்குழந்தை மட்டும் பூமிக்கு வருகிறது. அந்தக் குழந்தைதான் சூப்பர்மேன்.

சரி, ஃபேன்டம் ஸோன் கைதிகள்? அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. வேறு பரிமாணத்தில் இருந்ததால் எல்லோரும் பிழைத்துக்கொண்டார்கள். சட்டத்தை மதித்து வீட்டில் இருந்தவர்கள் செத்துப்போனார்கள்.

தண்டனைக் காலம் முடிந்தால் யார் திறந்துவிடுவது?

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. ஸாட்டுக்கு 40 வருடம், இன்னொருவருக்கு 18 வருடம் என்று நீதிமன்றம் கணக்குப் போட்டுத்தான் அனுப்பியது. ஆனால் அந்த நீதிமன்றமே இப்போது இல்லை. நீதிபதியும் இல்லை, மேல்முறையீடும் இல்லை, தேதியைக் குறித்துவைத்த பதிவேடும் இல்லை. கிரகமே தூள்தூளாகிவிட்டது.

ஆக, கோர்ட் கொடுத்தது குறிப்பிட்ட வருடத் தண்டனையாக இருந்தாலும், யாரும் வந்து திறக்காவிட்டால் அது தானாகவே முடிவில்லாத தண்டனையாக மாறிவிடும்.

சாவி இப்போது ஒரே ஒருவர் கையில். சூப்பர்மேன். புரொஜெக்டரைத் தன்னுடைய பனிக்கோட்டையில் பத்திரமாக வைத்திருக்கிறார். யாருக்குத் தண்டனை முடிந்தது, யாரை விடலாம் என்பதை அவர்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. கைதிகளை அங்கே அனுப்பியதோ அவருடைய அப்பாவின் கண்டுபிடிப்பு. அதனால் உள்ளே இருக்கும் பலருக்கு அவர்தான் முதல் எதிரி.

விடுதலையாகித் திருந்தி வாழ்ந்தவரும் உண்டு. அக்-வார் என்ற கைதி தண்டனை முடிந்து வெளியே வந்து, கேண்டோர் என்ற கிரிப்டான் நகரத்தில் கல்யாணம் செய்துகொண்டு, 'ஃப்ளேம்பேர்ட்' என்ற பெயரில் குற்றங்களைத் தடுப்பவராகவே மாறிவிடுகிறார். வெளியே ஓர் ஊரும் வேலையும் காத்திருந்ததால் அது நடந்தது.

தப்பே செய்யாதவர் உள்ளே போனால்?

ஃபேன்டம் ஸோன் கதைகளிலேயே மனசைப் பிசையும் பாத்திரம் குவெக்ஸ்-உல். 1962 நவம்பர் தேதியிட்ட 'சூப்பர்மேன்' 157-வது இதழில் வந்தவர்.

ரோண்டார் என்ற அரிய விலங்கை அதன் கொம்புக்காகக் கொன்றார் என்பது இவர் மேல் இருந்த குற்றச்சாட்டு. தண்டனை 18 வருடம். காலம் முடிந்ததும் சூப்பர்மேன் விதிப்படி அவரை வெளியே விடுகிறார். வந்தவருக்கு மனசெல்லாம் ஆத்திரம். ஜோர்-எல் இல்லை, அவர் மகனையாவது பழிவாங்க வேண்டும் என்று தங்க நிற கிரிப்டோனைட்டை வைத்துத் திட்டம் போடுகிறார். அது பட்டால் சூப்பர்மேனின் சக்தி நிரந்தரமாகப் போய்விடும்.

இதற்கிடையில் சூப்பர்மேன் பழைய வழக்கைத் தோண்டிப் பார்க்கிறார். அப்போதுதான் உண்மை தெரிகிறது. குவெக்ஸ்-உல் நிரபராதி. வேறொருவன் அவரை வசியப்படுத்தி அந்தக் காரியத்தில் மாட்டிவிட்டிருக்கிறான். 18 வருடமும் வீண்.

உண்மை தெரிந்ததும் குவெக்ஸ்-உல் மனம் மாறுகிறார். தான் வைத்த பொறியில் சூப்பர்மேன் சிக்காமல் இருக்க, தானே அதில் போய் மாட்டிக்கொள்கிறார். சக்தியும் போய்விடுகிறது, ஞாபகமும் போய்விடுகிறது. பிறகு சார்லி க்வெஸ்கில் என்ற பெயரில், சூப்பர்மேன் வேலை பார்க்கும் 'டெய்லி பிளானெட்' பத்திரிகையிலேயே அவருக்கு ஒரு வேலை கிடைக்கிறது.

கதை அத்தோடு முடியவில்லை. 20 வருடம் கழித்து, 1982-ல் ஸ்டீவ் கெர்பர் எழுத, ஜீன் கோலன் வரைந்து 'தி ஃபேன்டம் ஸோன்' என்ற 4 பாகத் தொடர் வந்தது. ஸோன் கைதிகள் சார்லியின் மனசுக்குள் புகுந்து, அவர் கையாலேயே புரொஜெக்டர் செய்யவைத்துத் தப்பித்து வருகிறார்கள். சூப்பர்மேனும் சார்லியும் உள்ளே மாட்டிக்கொள்கிறார்கள். வெளியே வர வழி தேடும் அந்தப் பயணத்தில் சார்லி உயிரை விடுகிறார். செய்யாத குற்றத்துக்காகப் போன இடத்திலேயே அவர் கதை முடிகிறது.

சிறை மட்டும்தானா? தஞ்சமும்கூட

இதே இடம் ஒருவரைக் காப்பாற்றவும் செய்திருக்கிறது. மோன்-எல் என்ற இளைஞர் 1961-லேயே 'சூப்பர்பாய்' 89-வது இதழில் வந்தவர். ஈயம் பட்டால் அவருக்கு உயிருக்கே ஆபத்து. மருந்து கிடையாது. வேறு வழியில்லாமல் சூப்பர்பாய் அவரை ஸோனுக்குள் அனுப்பிவைக்கிறான். உள்ளே வயசாகாது, நோயும் முற்றாது அல்லவா?

மருந்து கிடைக்க ஆயிரம் வருடம் ஆகிறது. 30-ஆம் நூற்றாண்டில்தான் அவர் வெளியே வருகிறார். நோயாளியும் கொலைகாரர்களும் ஒரே இடத்தில், ஆயிரம் வருடம்!

சினிமாவில் எப்படிக் காட்டினார்கள்?

சூப்பர்மேன் (1978): ரிச்சர்ட் டோனர் இயக்கிய படம். தொடக்கமே கோர்ட் சீன்தான். ஜோர்-எல் ஆக மார்லன் பிராண்டோ. ஸாட் ஆக டெரன்ஸ் ஸ்டாம்ப், கூடவே உர்ஸா, நான் என்று இரண்டு பேர். சுழலும் வளையங்களுக்கு நடுவில் மூவரையும் நிறுத்தி விசாரித்து, கண்ணாடி போன்ற சதுரத்துக்குள் அடைத்து அனுப்புகிறார்கள்.

சூப்பர்மேன் 2 (1980): பாரிஸ் ஈஃபிள் கோபுரத்தில் தீவிரவாதிகள் வைத்த ஹைட்ரஜன் குண்டை சூப்பர்மேன் தூக்கிக்கொண்டு போய் விண்வெளியில் வீசுகிறார். அது வெடித்த அதிர்ச்சியில் அந்தச் சதுரம் உடைந்து மூவரும் வெளியே வந்துவிடுகிறார்கள். ஊரைக் காப்பாற்றப் போன இடத்தில் சிறைக் கதவு திறந்துகொண்டது. ஸாட் ஆக நடித்த டெரன்ஸ் ஸ்டாம்ப் 2025 ஆகஸ்டில் காலமானார்.

மேன் ஆஃப் ஸ்டீல் (2013): ஸாக் ஸ்னைடர் படம். ஸாட் ஆக மைக்கேல் ஷானன். கிரிப்டான் வெடித்ததாலேயே ஸாட் கும்பலுக்கு விடுதலை கிடைக்கிறது. தங்களை அடைத்துவைத்த தொழில்நுட்பத்தையே மாற்றியமைத்து, விண்வெளியில் பயணிக்கும் கப்பலாக்கிப் பூமிக்கு வருகிறார்கள்.

தி லெகோ பேட்மேன் மூவி (2017): குழந்தைகள் படம் என்பதால் இங்கே ஒரே காமெடி. ஜோக்கரை ஸோனுக்குள் அனுப்பினால், அங்கே வோல்டமோர்ட், கிங் காங் என்று வேறு படங்களின் வில்லன்கள் எல்லாம் இருக்கிறார்கள்.

2025 சூப்பர்மேன் படத்தில் வருவதும் இதுவா?

இல்லை. ஆனால் நெருங்கிய சொந்தம் என்று சொல்லலாம்.

ஜேம்ஸ் கன் இயக்கி 2025 ஜூலையில் வந்த 'சூப்பர்மேன்' படத்தில் லெக்ஸ் லூதர் ஒரு 'பாக்கெட் யுனிவர்ஸ்' வைத்திருக்கிறார். அதாவது, தனியாக உருவாக்கிய ஒரு குட்டிப் பிரபஞ்சம். அதற்குள் ஒரு ரகசியச் சிறை. சூப்பர்மேனையே அங்கே அடைக்கிறார்.

ஃபேன்டம் ஸோனுக்கு அனுப்ப ஒரு விசாரணையாவது நடந்தது. லூதரின் சிறையில் அதுவும் இல்லை. அவரைத் திட்டி எழுதியவர், அவருடைய பழைய காதலி என்று அவருக்குப் பிடிக்காதவர்கள் எல்லாம் கூண்டில். அரசாங்கங்களும் தங்களுக்கு வேண்டாதவர்களை அங்கே அனுப்பிவைக்கின்றன. எந்த நாட்டு வரைபடத்திலும் இல்லாத இடம் என்பதால், எந்தக் கோர்ட்டும் கேள்வி கேட்க முடியாது. வேறு பரிமாணத்தில் ஒரு சிறை கட்டும் வசதி தனி ஒருவர் கைக்குப் போனால் என்ன ஆகும் என்பதற்கு இந்தப் படம் நல்ல உதாரணம்.

சூப்பர்மேன் எப்போதாவது மரண தண்டனை கொடுத்திருக்கிறாரா?

ஆமாம். பல ரசிகர்களுக்கே இது ஆச்சரியமாக இருக்கும். 1988-ல் வந்த 'சூப்பர்மேன்' புதிய வரிசையின் 22-வது இதழில், ஒரு முழு உலகத்தின் மக்களையே அழித்துவிட்ட மூன்று கிரிப்டான் குற்றவாளிகளை சூப்பர்மேன் தன் கையாலேயே பச்சை கிரிப்டோனைட் வைத்துக் கொல்கிறார். அதில் ஒருவர் ஸாட்.

அதற்குப் பிறகு வந்த இதழ்களில் குற்ற உணர்ச்சி தாங்காமல் சூப்பர்மேன் பூமியை விட்டே போய்விடுகிறார். குற்றவாளிகளை நாடு கடத்தியவரின் மகன், தன்னைத்தானே நாடு கடத்திக்கொண்டார்.

நிஜ உலகில் இப்படி உண்டா?

இன்னொரு பரிமாணம் இல்லை. ஆனால் 'திரும்பி வரவே முடியாத இடத்துக்கு அனுப்பிவிடு' என்ற யோசனை பழையதுதான். 1788 முதல் 1868 வரை பிரிட்டன் சுமார் 1,62,000 கைதிகளைக் கப்பலேற்றி ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பியது. 1858 முதல் இந்தியக் கைதிகளை அந்தமானுக்கு அனுப்பியது. 'சிறைச்சாலை' படத்தில் பார்த்தோமே, அந்த செல்லுலார் ஜெயில் 1906-ல் கட்டி முடிக்கப்பட்டது. அங்கே கடல்தான் மதில்.

இன்றைய சட்டம் இந்த விஷயத்தில் கொஞ்சம் மாறியிருக்கிறது.

* 2015-ல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட 'நெல்சன் மண்டேலா விதிகள்', ஒரு கைதியைத் தொடர்ந்து 15 நாட்களுக்கு மேல் தனிமைச் சிறையில் வைக்கக் கூடாது என்கின்றன.
* இந்தியாவில் பாரதிய நியாய சன்ஹிதா சட்டப்படி, கோர்ட் விதிக்கும் தனிமைச் சிறை ஒரே தடவையில் 14 நாட்களைத் தாண்டக் கூடாது. மொத்தமாக 3 மாதங்களைத் தாண்டக் கூடாது.
* 2013-ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், ஆயுள் தண்டனையை எப்போதாவது மறுபரிசீலனை செய்ய வழியே இல்லை என்றால் அது மனிதத்தன்மையற்ற தண்டனை என்று பிரிட்டன் வழக்கு ஒன்றில் தீர்ப்பளித்தது.
* இந்தியாவில் ஆயுள் தண்டனை என்றால் ஆயுள் முழுக்க என்பதே பொருள். 14 வருடத்தில் தானாக விடுதலை என்பது தவறான நம்பிக்கை. ஆனாலும் தண்டனைக் குறைப்பு, ஆளுநர் மற்றும் குடியரசுத் தலைவரின் மன்னிப்பு என வழிகள் உண்டு.

இந்த விதிகளில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைத்தான் வேறு வேறு மாதிரி கேட்கின்றன: உள்ளே இருப்பவரை யாராவது, எப்போதாவது திரும்பிப் பார்க்கிறார்களா? அடித்து உதைக்காமல், பட்டினி போடாமல் அடைத்து வைத்தாலும் இந்தக் கேள்வி அப்படியே இருக்கிறது. ஃபேன்டம் ஸோனில் இல்லாதது இந்த ஏற்பாடுதான்.

எதில் இருந்து தொடங்கலாம்?

படம் பார்ப்பவர்கள் 1978, 1980 படங்களை வரிசையாகப் பார்க்கலாம். முதல் படத்தில் தண்டனை, இரண்டாவது படத்தில் அதன் விளைவு. பிறகு 2025 படத்தைப் பார்த்தால் இரண்டு சிறைகளுக்கும் உள்ள வித்தியாசம் புரியும்.

காமிக்ஸ் படிப்பவர்கள் 1962-ன் குவெக்ஸ்-உல் கதையைப் படித்துவிட்டு, 1982-ன் நான்கு பாகத் தொடருக்குப் போகலாம். ஸாட் பற்றி எல்லோரும் பேசுவார்கள். அந்த 18 வருடம் திரும்பக் கிடைக்காத மனிதரைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. ஃபேன்டம் ஸோன் எப்படிப்பட்ட சிறை என்று தெரிந்துகொள்ள அவர் கதைதான் சரியான இடம்.